அடிப்பூச்சு

அவள் கட்டைவிரல் உயரம்கூட இல்லை. கையில் வாள், தோளில் மேலங்கி, காலில் பூட்ஸ். சாம்பல்நிற பிளாஸ்டிக்கில் வார்த்த போர்வீராங்கனை. என் மகள் அவளைச் சாப்பாட்டு மேசையில் என் முன்னால் வைத்து, "அம்மா, இவளுக்கு என் கலர் அடிச்சுத் தா" என்றாள்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் நாட்டிங்காமில். வார்ஹாமர் பொம்மைகளைத் தயாரிக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் தலைமையகம் இந்த ஊரில்தான் இருக்கிறது. வந்த புதிதில் வேலை கிடைக்காமல் வீட்டிலிருந்த குளிர்கால நாள்களில் மினியேச்சர் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டப் பழகினேன். மகளுக்கு இப்போது பதிமூன்று வயது. தோழிகளோடு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறாள். அந்த ஆட்டத்தில் அவள் ஏற்றிருக்கும் பாத்திரம்தான் இந்த வாள்காரி.

எனக்குக் கைவந்தது வாஷ் முறை. முதலில் பொம்மை முழுவதும் எலும்பு நிறத்தில் வெளிர் அடிப்பூச்சு. அது காய்ந்ததும் நீர்த்த வண்ணத்தைத் தூரிகையால் தடவ வேண்டும். வண்ணம் மேடுகளிலிருந்து வழிந்து பள்ளங்களில் தேங்கும். துணி மடிப்பு, விரலிடுக்கு, தலைப்பின்னல் எல்லாம் தானாகவே நிழல் பெறும். மேடுகளில் அடிப்பூச்சின் வெளிச்சம் தெரியும். கேம்ஸ் வொர்க்‌ஷாப் தன் சிட்டாடல் வரிசையில் 2019-இல் இதற்கென்றே கான்ட்ராஸ்ட் வண்ணங்களைக் கொண்டுவந்தது. ஒரே பூச்சில் நிழலும் வெளிச்சமும் கிடைத்துவிடும். அடுப்பில் குழம்பு கொதிக்கும் நேரத்தில் ஒரு மேலங்கியை முடித்துவிடலாம். நம்மைப் போன்றவர்களுக்கு வாய்க்கும் துண்டு நேரங்களுக்குப் பொருத்தமான கலை.

அன்றும் அப்படித்தான் தொடங்கினேன். மேலங்கிக்குப் பச்சை, வார்ப்பட்டைக்குச் சிவப்பு. தோலுக்கு, பூட்ஸில் சேறு காட்டுவதற்காக வைத்திருந்த பழுப்பு வாஷை எடுத்துத் தடவினேன். காய்ந்ததும் பார்த்தால் பகீரென்றது. மேசையில் நின்றவள் கறுப்புப் பெண் இல்லை, குளிக்காத வெள்ளைக்காரி. கன்னமும் மூக்கும் வெளுத்திருக்க, கண்ணோரத்திலும் கழுத்திலும் திட்டுத் திட்டாக அழுக்கு.

அந்த முகத்தை எனக்கு முன்பே தெரியும். திருநெல்வேலியில் ஆச்சி ஞாயிறுதோறும் என்னை முற்றத்தில் உட்காரவைத்து, கடலைமாவும் கஸ்தூரிமஞ்சளும் குழைத்துத் தேய்ப்பாள். கழுத்தும் முழங்கையும் எரியும். "ஏட்டி, அசையாம இரு. கறுப்பு இறங்கட்டும்" என்பாள். அவள் கணக்கில் எனக்குள் ஒரு சிவத்த பெண் இருந்தாள். கறுப்பு அவள்மேல் படிந்த அழுக்கு. தேய்த்தால் வெளியே வந்துவிடுவாள். பல வருடங்கள் நானும் அவளுக்காகக் காத்திருந்தேன்.

சிட்டாடலின் பழைய வண்ண வரிசையில் 'எல்ஃப் ஃபிளெஷ்', 'ட்வார்ஃப் ஃபிளெஷ்' என்று இரண்டு உண்டு. இரண்டுமே வெள்ளைத் தோலின் சாயல்கள். எல்ஃபும் குள்ளரும் உலகத்தில் இல்லாத உயிர்கள். அவர்களுக்குக்கூடத் தோல் என்றால் வெள்ளைத் தோல்தான். எங்கள் பள்ளியில் நாங்கள் 'ஸ்கின் கலர்' என்று சொன்ன கிரேயானும் வெளிர் ரோஜா நிறம். வகுப்பில் அந்த நிறத்தில் ஒருத்திகூட இருந்ததில்லை.

பிழை வாஷில் இல்லை, அடிப்பூச்சில் இருந்தது. வாஷ் வழிந்து விலகும் இடத்தில் அடியில் எது இருக்கிறதோ அதுதான் வெளிச்சமாகத் தெரியும். என் கன்னத்தில் வெயில் பட்டால் எலும்பு வெள்ளையா தெரிகிறது? செம்பு நிறத்தில் அல்லவா மினுங்குகிறது? தோலுக்கு மட்டும் புதிய அடிப்பூச்சு போட்டேன்: செம்மண் நிறத்தை நீர்விட்டு மெலிதாக இரண்டு முறை. அதன்மேல் அடர்பழுப்பு கான்ட்ராஸ்ட். கண்குழியிலும் தாடைக்கு அடியிலும் துளி ஊதா வாஷ். தோலே பழுப்பாக இருக்கும்போது அதன் நிழலுக்கு ஊதா இசைகிறது. கடைசியாக, பழுப்பில் கொஞ்சம் மஞ்சள் கலந்து மூக்குநுனியையும் கன்னமேட்டையும் தொட்டேன். மூன்று மாலைகள் ஆயின.

அந்த மூன்று மாலையும் மனதில் ஓடியது வேறு. இவளைச் சுமந்தபோது ஏழு மாதம் இரவுதோறும் குங்குமப்பூப் பால் குடித்தேன். மாமியார் வாங்கி வந்தார். யாரும் வற்புறுத்தவில்லை. கல்லூரி மேடையில் பெண்விடுதலை பேசியவள்தான் நான். என்னைப் போலப் பிறந்துவிடக் கூடாது என்று, பிறக்கும் முன்பே அவளைத் தேய்க்கத் தொடங்கியிருக்கிறேன்.

மகள் பொம்மையை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முதலில் தன் முன்கையை அதன் பக்கத்தில் வைத்தாள், பிறகு என் கையை இழுத்து வைத்தாள்.

"இது என் கலர் இல்லம்மா. உன் கலர்."

"மாத்தித் தரட்டுமா?" என்னை அறியாமல் வாய் கேட்டுவிட்டது.

"எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, பொம்மையைப் பஞ்சு வைத்த டப்பாவில் படுக்கவைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

குங்குமப்பூப் பால் கதையை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பாள். இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும். அதன்பிறகு அவள் என்ன கேட்டாலும் நான் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும்.