நீர் இறங்கும்போது

2015 வெள்ளத்துக்குப் பிறகு, தாம்பரம் பக்கம் அடைமழை என்றாலே "செம்பரம்பாக்கம் எத்தனை அடி?" என்றுதான் கேட்கிறோம். முழு மட்டம் 24 அடி. ஏறுவதைக் கேட்கிறோம், இறங்குவதைக் கேட்பாரில்லை.

நண்பர்களே, மட்டம் சட்டென்று இறங்கினாலும் கரைக்கு ஆபத்துதான். வெளியே தாங்கிய தண்ணீர் போய்விடும். மண்ணில் ஊறிய நீர் வடியாமல் உள்ளிருந்து தள்ளும். இத்தாலியின் வயோன்ட் அணையில், மலை நகர்வதைப் பார்த்து நீரை இறக்கினார்கள். இறக்கிக்கொண்டிருக்கும்போதே, 1963 அக்டோபர் 9 இரவு, மலைச்சரிவு அப்படியே நீரில் விழுந்தது. எழுந்த அலையில் சுமார் 2000 பேர் மாண்டார்கள்.

பள்ளிக்கூடமே போகாத என் அப்பா, கிணறு தூர்வாரித்தான் என்னைப் படிக்க வைக்கிறார். அவரிடம் இதைச் சொன்னேன். "களிமண் கெணறுன்னா ஒரே நாள்ல எறைக்கக் கூடாதுடா, கரை உள்ள வந்துரும்" என்றார். மணல் சீக்கிரம் வடியும், களிமண் வடியாது. பாடத்தில் இருப்பதும் அதேதான்.

வீட்டுக்காரர் அவசரப்படுத்தினால்?

"எறங்க மாட்டேன்."

அன்றைக்குக் கூலி கிடையாது.