நாயோட ஒரு ராத்தங்கல்

"அண்ணே, மதுரைக்குப் பக்கத்துல நாயைக் கூட்டிட்டுப் போய் காட்டுக்குள்ள டெண்ட் போடுற மாதிரி எடம் இருந்தா சொல்லுங்க. காசு வாங்கக்கூடாது, கூட்டமும் இருக்கக்கூடாது"ன்னு ஒரு தம்பி கேட்டாப்ல. அமெரிக்காவுல கொஞ்ச வருசம் இருந்துட்டு வந்தவர். அங்க தேசியக் காடுகள்ல பெரும்பாலான எடத்துல 14 நாள் வரைக்கும் ஓசியிலயே தங்கிக்கலாம். தண்ணி, கரண்ட், கக்கூஸ் எதுவும் இருக்காது. ஆனா நாய் கூட வரலாம். கேக்கவே பொறாமையா இருந்துச்சு :-)

நம்மூர்ல கதையே வேற. காப்புக்காட்டுக்குள்ள அனுமதியில்லாம நுழைஞ்சாலே 1882ஆம் வருசத்து வனச் சட்டப்படி குத்தம். 2018 மார்ச் 11ல குரங்கணித் தீ 20 பேருக்கு மேல பலி வாங்குனதுக்கு அப்புறம் கெடுபிடி இன்னும் கூடிருச்சு. 2024 அக்டோபர்ல வனத்துறையே 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்து விட்டுச்சு. அதுக்கும் முன்பதிவு, கட்டணம், வழிகாட்டி எல்லாம் உண்டு.

"சரிண்ணே, மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி?" அது 2022ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அறிவிச்ச எடம். அழுங்கும் தேவாங்கும் இருக்குற மலை. அங்க நம்ம நாய் போய் என்ன பண்ணும்? மோந்து பாக்கும், துரத்தும், கூடவே நோயையும் விட்டுட்டு வரும். 2018ல கிர் காட்டுல சில வாரத்துக்குள்ள 20 சிங்கத்துக்கு மேல செத்துச்சு. நாய்களுக்கு வர்ற டிஸ்டெம்பர் வைரசும் அதுக்கு ஒரு காரணம்.

அப்ப நாயோட வெட்டவெளியில ராத்தங்குற பழக்கமே நம்மூர்ல இல்லையான்னா, இருக்கு. அதுக்குப் பேரு கிடை.

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துல இருந்து கீதாரிங்க ஆட்டை ஓட்டிக்கிட்டு வருவாங்க. அறுப்பு முடிஞ்ச வயல்ல வலை கட்டி நூத்துக்கணக்கான ஆட்டை ராத்திரி அடைச்சுப் போடுவாங்க. புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம். மறுநாள் வலையைப் பிரிச்சு அடுத்த துண்டுல கட்டுவாங்க. இதுக்கு நெலத்துக்காரர் பணமோ நெல்லோ குடுப்பார். அதாவது தங்குறதுக்கு இவங்களுக்குக் காசு! அமெரிக்கா என்ன அமெரிக்கா.

தெரிஞ்ச கீதாரி ஒருத்தர்கிட்ட, நானும் எங்க மணியும் ஒரு ராத்திரி வரலாமான்னு போன்ல கேட்டேன். "நீங்க தாராளமா வாங்க தம்பி. நாயக் கூட்டியாராதீக. புது நாயக் கண்டா ஆடு வலையை அத்துக்கிட்டு ஓடிரும்"னுட்டார். மணி வீட்டுலயே இருந்துக்கிட்டான்.

சோழவந்தான் பக்கம் ஒரு பங்குனி ராத்திரி. நாலு நாய். ராஜபாளையத்துக்கு 2005ல தபால்தலையே வந்துச்சு; இதுகளுக்கு ஜாதிப் பேருகூட கிடையாது. குட்டியில இருந்தே ஆட்டோட ஆடா வளர்ந்ததுக. கீதாரி தின்ன அதே சோத்தைத் தின்னுட்டு, கிடைக்கு வெளியில மூலைக்கு ஒண்ணாப் போய்ப் படுத்துக்கிச்சுக. யாரும் ஏவல.

நடுராத்திரி வரைக்கும் விட்டு விட்டு ஒரே குரைப்பு. எனக்குத் தூக்கம் போச்சு. கீதாரி அசையவே இல்ல. அப்புறம் ஒரு நாய் குரைக்காம, அடித்தொண்டையில ஒரு உறுமல். நான் எந்திரிச்சு உக்கார்றதுக்குள்ள அவரு டார்ச்சும் கம்புமா கரையில நிக்கிறார். வாய்க்காலுக்கு அங்கிட்டு ஏழெட்டு தெருநாய்.

திரும்பி வந்து படுத்தவர் சொன்னார்: "முன்ன நரிக்குப் பயந்தோம். இப்ப ஊர் நாயும் வண்டியில வர்ற களவாணியும்தான். இதுக இல்லேன்னா நமக்குத் தூக்கம் ஏது தம்பி?"

நமக்கு நாய் துணைக்கு. அவருக்கு அந்த நாலு நாயும்தான் தலைமாடு.

ஆனா படுக்குற எடம்தான் வருசா வருசம் சுருங்குது. 2022 மார்ச்ல ஐகோர்ட் காடுகள்ல மேய்ச்சலுக்குத் தடை போட்டுச்சு. அதே மாசம் அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்காவோட நிறுத்திக்கிச்சு. மேகமலைப் பக்கம் 2021லயே புலிகள் காப்பகம் ஆயிருச்சு. புலிக்கும் எடம் வேணும், நான் மறுக்கல. ஆனா மலையடிவாரத்துல மாடு மேய்ச்சவங்களும் இப்ப சமவெளிக்குத்தான் எறங்கணும். சமவெளியில என்ன இருக்கு? பிளாட்டு.

தம்பிக்கு நான் சொன்னது இதான்: காடு வேணாம். தெரிஞ்சவங்க தென்னந்தோப்பு எதுலயாவது கேட்டுட்டு டெண்ட் போடு. பக்கத்துல கிடை கெடந்தா நாயைக் கட்டிப்போடு.

வெள்ளன கிளம்பும்போது அடுத்த கிடை எங்கன்னு கீதாரிகிட்ட கேட்டேன். "வாடிப்பட்டிப் பக்கம் ஒருத்தருகிட்ட கேட்டுருக்கேன். போன வருசம் போட்ட வயல்ல கல்லு ஊனிட்டாக தம்பி"ன்னுட்டு வலையைப் பிரிக்கப் போயிட்டார்.

டிஸ்கி: தோப்போ மொட்டைமாடியோ, நாயை வெளிய கூட்டிட்டுப் போற ஆளுங்க வெறிநாய்க்கடி ஊசியும் டிஸ்டெம்பர் ஊசியும் போட்டுட்டுக் கூட்டிட்டுப் போங்கப்பா.