வழுக்கி விழுந்ததாகக் கூறப்படுகிறது

காவல் நிலையக் கழிவறைகளைப் பற்றி என் அளவுக்கு எழுதியவர்கள் தமிழ்நாட்டில் குறைவாகத்தான் இருப்பார்கள். தென்மாவட்டம் ஒன்றில் ஒரு நாளிதழுக்குக் கிரைம் நிருபராக இருந்தேன். செயின் பறிப்போ, பட்டாக்கத்தியால் கேக் வெட்டியதோ, டீக்கடையில் மாமூல் கேட்டு மிரட்டியதோ, எதுவானாலும் சரி, ஆள் பிடிபட்ட மறுநாள் வலது கையில் மாவுக்கட்டோடு படம் வந்துவிடும். கூடவே ஒரு வரி வரும். தப்பி ஓடும்போது பாலத்தில் இருந்து குதித்தான், இல்லையென்றால் கழிவறையில் வழுக்கி விழுந்தான். மற்ற நிருபர்கள் அந்த வரியை அப்படியே போட்டார்கள். நான் கொஞ்சம் நக்கல் சேர்த்துப் போட்டேன். அதில் எனக்குத் தனிப்பெயர் இருந்தது.

இன்ஸ்பெக்டர் ஒருவர் போன் போட்டு, "பாஸ், இன்னிக்கு ரெண்டு பேருக்கு ஸ்லிப் ஆயிருச்சு" என்பார். நானும் சிரிப்பேன். மறுநாள் பெட்டிச் செய்தி வரும். வாசகர்கள் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, "இவனுங்களுக்கு இதுதான் சார் சரி, நல்லா எழுதினீங்க" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். செயினோடு சேர்த்து இழுக்கப்பட்டு, தார்ச்சாலையில் முழங்கை தேய்ந்து, கழுத்தைச் சுற்றி ரத்தக்கோடு போட்ட பெண்களை நானும் அரசு ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன். வழக்கு முடிய வருடக்கணக்கில் ஆகும். பிடிபட்டவன் ஜாமீனில் வந்து அதே தெருவில் பைக்கில் சுற்றுவான். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. என் பெட்டிச் செய்திகள் அந்த நியாயத்தின் மேல்தான் சவாரி செய்தன.

இதற்கிடையில் 2020 ஜூனில் சாத்தான்குளம் நடந்தது. ஊரடங்கு நேரத்தில் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி அழைத்துப் போகப்பட்ட ஜெயராஜும், தேடிப் போன மகன் பென்னிக்ஸும் அடுத்தடுத்து இறந்தார்கள். விசாரிக்கப் போன நீதித்துறை நடுவரையே ஸ்டேஷனில் அவமதித்தார்கள். கேமரா பதிவுகள் தினமும் தானாகவே அழிந்துவிடும்படி செட்டிங் வைத்திருந்தது அவர் அறிக்கையில் வெளியானது. விடிய விடிய அடித்தார்கள் என்று சாட்சி சொல்ல தலைமைக் காவலர் ரேவதிக்குத் துணிச்சல் வந்தது. நானும் எழுதினேன். கொதித்துக் கொதித்து எழுதினேன். என் பெயரோடு முழுப் பக்கம் வந்ததை அம்மா வெட்டி வைத்திருந்தார்.

ஆனாலும் மாவுக்கட்டு நகைச்சுவை நிற்கவில்லை. சாத்தான்குளத்தில் செத்தவர்கள் வியாபாரிகள். என் பெட்டிச் செய்திக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் ரவுடிகள். என் மனதில் அவை இரண்டும் வேறு வேறு இலாகா.

2022 மழைக்காலத்தில், விடிகாலையில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் தாலிச் செயினை பைக்கில் வந்தவர்கள் அறுத்துக்கொண்டு போனார்கள். தெரு கேமராவில் பதிவானது ஹெல்மெட் போட்ட இரண்டு பேரும் நம்பர் பிளேட்டின் கடைசி இரண்டு எண்களும்தான். அந்தம்மாவின் உறவினர் ஒருவர் ஆளுங்கட்சிப் பிரமுகர். சில நாளில் படம் வந்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரி வராந்தா, ஒரு பெஞ்ச், அதில் வரிசையாக மூன்று இளைஞர்கள், மூன்று பேருக்கும் வலது கையில் மாவுக்கட்டு. வாகனத் தணிக்கையில் நிற்காமல் ஓடி, ஓடைப் பாலத்தில் இருந்து குதித்தபோது கை முறிந்ததாகக் குறிப்பு.

நான் வைத்த தலைப்பு: 'குதித்தது மூணு பேர், முறிந்தது ஒரே கை!' மூவரும் சொல்லி வைத்தாற்போல் வலது கையையே ஊன்றி விழுந்திருக்கிறார்கள், இந்த ஒற்றுமை நாட்டுக்குத் தேவை என்று உள்ளே ஒரு வரி. அதாவது, தெரிந்தேதான் எழுதினேன். போலீஸ் சொன்னதை நம்பிவிட்டேன் என்று தப்பிக்க எனக்கு வழியில்லை. அந்தத் தலைப்பே எனக்கெதிரான சாட்சி. அன்று மட்டும் அது எத்தனை வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றியது! நாலாவது குரூப்பில் இருந்து என் மச்சினனே எனக்கு அனுப்பினான்.

கொஞ்ச நாளில் ஒரு பெரியவர் அலுவலகத்துக்கு வந்தார். பிளாஸ்டிக் கவருக்குள் மடித்த பேப்பர். "சார், நடுவுல இருக்கானே, அவன் எம்மவன். டெய்லர் கடையில கட்டிங் மாஸ்டர். கடையில வச்சுத்தான் சார் கூட்டிட்டுப் போனாங்க. பாலத்துக்கெல்லாம் அவன் போகவே இல்ல."

பைக் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் ஒத்துப்போனதுதான் காரணம் என்றார். மற்ற இருவரையும் அவன் பார்த்ததே ஸ்டேஷனில்தானாம். இப்படி வருகிற அப்பாக்களை எனக்குப் பழக்கம். எல்லா அப்பாவுக்கும் மகன் தங்கம். "ஐயா, போலீஸ் கொடுத்ததைத்தான் போட்டோம். கோர்ட்டுல அவன் இல்லைன்னு வரட்டும், நானே கட்டாயம் போடுறேன்" என்றேன். இது ஆளை அனுப்பிவைக்க எல்லா நிருபரும் சொல்கிற வாசகம். அவர் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பக்கத்து மாவட்டத்தில் வேறொரு வழக்கில் சிக்கியவர்கள் இந்தச் செயினையும் அறுத்ததை ஒப்புக்கொண்டார்கள். அடகுக் கடையில் இருந்து நகையும் மீட்கப்பட்டது. குற்றப்பத்திரிகையில் கட்டிங் மாஸ்டர் பெயர் இல்லை. அது எனக்குச் செய்தியாகக்கூட வந்து சேரவில்லை. பெரியவர்தான் மறுபடி வந்தார். கூடுதலாகச் சில காகிதங்கள் இருந்தன. வக்கீல் மூலம் வாங்கியவை.

கைது மெமோவில் கைதான இடம் ஓடைப் பாலம். குடும்பத்தில் ஒருவரோ ஊரறிந்த ஒருவரோ அதில் சாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் டி.கே. பாசு வழக்கில் 1996-லேயே சொல்லிவிட்டது. கையெழுத்து இருந்தது, அது யாருடையதென்றுதான் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகலில் (ஏ.ஆர். காப்பி) டாக்டர், பாலத்தில் இருந்து குதித்து விழுந்ததாகச் சொல்லப்படுகிறது என்று எழுதியிருந்தார். ரிமாண்ட் உத்தரவில், போலீஸ் மீது புகார் ஏதும் இல்லை என்று கைதி சொன்னதாக இருந்தது. நடுவர் கேட்டபோது பின்னால் நின்றவர்கள், வேனில் வரும்போதே, "வாயைத் திறந்தா இன்னும் ரெண்டு கேஸ்" என்று சொல்லிக் கூட்டி வந்தவர்கள். ஸ்டேஷன் கேமரா பதிவைக் கேட்டதற்குக் கேமரா பழுது என்று பதில். எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா இருக்க வேண்டும், பதிவை மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2020 டிசம்பரில். செயின் அறுத்த தெருவில் கேமரா வேலை செய்தது, கை முறிந்த கட்டடத்தில் செய்யவில்லை.

இதைப் படித்தபோதும் எனக்குள் ஒன்றும் பெரிதாக அசையவில்லை. பார்த்துச் செய்யலாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்க்காமல் வேறு எதையாவது பார்க்க வேண்டுமே என்று போனை எடுத்துப் பழைய படத்தைத் தேடினேன்.

பேப்பரில் வந்தது இடத்துக்காக நான் வெட்டிக் கொடுத்த படம். தோளும் முகமும் மாவுக்கட்டும் மட்டும் தெரியும். போனில் இருந்தது முழுப் படம். இரண்டு விரலால் பெரிதாக்கினேன். நடுவில் இருந்தவனின் சட்டைப் பொத்தான் ஒன்று தள்ளி மாட்டியிருந்தது. அவனால் போட்டிருக்க முடியாது, வேறு யாரோ போட்டுவிட்டிருக்கிறார்கள். சட்டை முழுக்கச் சின்னச் சின்ன நூல் பிசிறு. இன்னும் கீழே நகர்த்தினேன். சட்டைப் பையில் இருந்து மஞ்சளாக ஒன்று எட்டிப் பார்த்தது. பேனா என்று நினைத்தேன். பெரிதாக்கினால் அதில் கோடுகள் இருந்தன, எண்கள் இருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. இஞ்ச் டேப்.

பைக்கில் தப்பி ஓடிப் பாலத்தில் இருந்து குதித்தவனின் சட்டைப் பையில் இஞ்ச் டேப். மாதக்கணக்கில் அது என் போனிலேயே இருந்திருக்கிறது. அதற்கு மேல் கத்தரி வைத்தது நான்.

பெரியவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "ஆமா சார், கழுத்துல போட்டிருந்தான். ஏட்டையாதான் கழட்டிப் பையில சொருகிவிட்டாராம்" என்றார். அதில் என்ன அதிசயம் என்பதுபோல.

அன்று ராத்திரி யோசித்தேன். டாக்டர் அந்த வரியை எழுதினார், நடுவரின் உத்தரவு அதை ஒட்டியே வந்தது, நானும் எழுதினேன். அவர்கள் எதிரில் நின்றவன் பயத்தில் சொன்னதைப் பதிவு செய்தார்கள். பயமும் நெருக்கடியும் இல்லாமல், ஏ.சி. அறையில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே எழுதியவன் நான் ஒருவன்தான்.

திருத்தம் போடக் கேட்டேன். பழைய கதை, யாருக்கு ஞாபகமிருக்கும், போலீஸோடு வம்பு எதற்கு என்றார்கள். நானும் நாலு வரிக்காக வேலையை விட்டெறியும் வீரன் கிடையாது. ஆனால் அதற்குப் பிறகு பிரஸ் நோட்டைத் திறந்தால் கை ஓடவில்லை. யார் பார்த்தது, எப்போது, எந்த இடம் என்று போன் போட ஆரம்பித்தேன். பிரஸ் நோட் வருகிற போலீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் இருந்து நீக்கினார்கள். எல்லாருக்கும் வந்த செய்தி எனக்கு மட்டும் வராமல் போனது. செய்தியைத் தவறவிடும் கிரைம் நிருபரை எந்தப் பத்திரிகை வைத்துக்கொள்ளும்? இப்போது ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன்.

அந்த இன்ஸ்பெக்டரை ஓய்வு பெற்ற பிறகு ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். கேட்டேன். மறைக்கவில்லை. "பாதி நம்பர்தான் தெரிஞ்சுது. மேலேர்ந்து நிமிஷத்துக்கு ஒரு போன். ஸ்டேஷன்ல பாதிப் பேரு தேர் பந்தோபஸ்துல நிக்கிறான். மீதிப் பேரு நைட்டு ரவுண்ட்ஸ் முடிச்சுட்டுத் தூங்காம உக்காந்திருக்கான். எவனை வச்சு விசாரிக்க?" என்றார். சட்டம் ஒழுங்கையும் குற்றப் புலனாய்வையும் தனித்தனியாகப் பிரியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் பிரகாஷ் சிங் வழக்கில் 2006-ல் சொன்னது. காலையில் தேருக்குக் கயிறு பிடிக்கிற காவலர்தான் மாலையில் செயின் திருடனையும் கண்டுபிடிக்க வேண்டும் என்ற நிலை இன்னும் பல ஸ்டேஷன்களில் மாறவில்லை.

இலையில் கையை வைத்துக்கொண்டே அவர் இன்னொன்றும் சொன்னார். "நீங்க எழுதினீங்கள்ல, ஒரே கைன்னு? அதை ஆபீசர்ஸ் குரூப்புல போட்டுக் கைதட்டுனாங்க. அதையே நீங்க காமெடியா எழுதாம, எப்படிய்யா மூணு பேருக்கும் ஒரே கைன்னு கேள்வியா கேட்டிருந்தா, எனக்கு மெமோ வந்திருக்கும். அடுத்த தடவை யோசிச்சிருப்பேன்." பாயசம் வந்தது. அவர் வாங்கிக்கொண்டார்.

2025-ல் சென்னை உயர் நீதிமன்றம், கைதானவர்கள் மட்டும் எப்படிக் காவல் நிலையக் கழிவறையில் வழுக்கி விழுகிறார்கள், போலீஸ்காரர்கள் ஏன் விழுவதில்லை என்று கேட்டது. நான் ஜோக்காக எழுதியதை நீதிபதிகள் கேள்வியாகக் கேட்டிருந்தார்கள். அதே ஆண்டு ஜூனில் திருப்புவனம் பக்கத்தில், மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார், காரில் வைத்த நகை காணவில்லை என்ற புகாரில் தனிப்படை விசாரணையில் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் உடம்பில் 40-க்கும் மேற்பட்ட காயங்கள். அந்தச் செய்தியைப் படித்த பிறகுதான் கட்டிங் மாஸ்டரைப் பார்க்கப் போகும் தைரியம் வந்தது. தைரியம் என்பதைவிட, போகாமல் இருக்க முடியவில்லை.

பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அங்கே போய்த்தான் தெரிந்தது. மகன் வேறொரு கடையில் காஜா எடுத்து, பொத்தான் தைத்து, இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். எலும்பு சேர்ந்திருக்கிறது, கோணலாக. கட்டை விரல் முழுதாக மடங்குவதில்லை. ஏழெட்டு மடிப்புத் துணியை ஒரே வீச்சில் வெட்டும் பெரிய கத்தரியை அந்தக் கையால் மூட முடியாது. இடது கையில் பிடித்தால் அலகுகள் விலகிக்கொண்டு துணி நடுவில் மடிந்துபோகிறது. எனக்குச் செய்து காட்டினார். "இடது கைக்குன்னே கத்தரி இருக்குன்னாங்க, வாங்கினேன்ணே. கோடு நேராவே வர மாட்டேங்குது." வெட்டுகிறவருக்கும் பொத்தான் தைப்பவருக்கும் கூலியில் எவ்வளவு வித்தியாசம் என்று தையல் கடைக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும்.

நான் யாரென்று சொன்னேன். சொல்ல வேண்டியதையும் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்துப் போனவனுக்கு டீ சொன்னார். "அடிச்சவங்ககூட மறந்திருப்பாங்கண்ணே. பொண்ணு கேட்டுப் போற வீட்டுல எல்லாம் செல்லுல அந்தப் பேப்பரைத்தான் காட்டுறாங்க." இதை எழுதலாமா என்று கேட்டேன். எழுதுங்க, பேர் போடாதீங்க, ஊர் போடாதீங்க, படம் மட்டும் வேண்டவே வேண்டாம் என்றார்.

இணையத்தில் இருந்து அந்தச் செய்தியை நீக்கக் கேட்டு என் பழைய அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை. பெஞ்சில் மூன்று பேர் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருக்கும் அந்தப் படம் என் தலைப்போடு உங்கள் போனுக்கு வந்தால், தயவுசெய்து அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். நடுவில் இருப்பவர் திருடவில்லை.