திருவிழாக் காலமும் பாலூட்டும் தாயும்

நல்லூரில் கொடியேறினால் கொக்குவிலில் அடுப்பு மாறும். ஆடி அமாவாசைக்குப் பின்வரும் ஆறாம் நாள் கொடியேற்றம். அன்று தொடங்கித் தீர்த்தம் வரை 25 நாட்களும் எங்கள் பக்கத்துச் சைவ வீடுகள் பலவற்றில் மச்சம் புழங்குவதில்லை. முதல் நாளே வீடு கழுவி, மச்சச் சட்டிகளைப் புறம்பாக எடுத்துக் கவிழ்த்துவிடுவார்கள். சிலர் ஒருநேரச் சாப்பாட்டோடு இருப்பார்கள். பின்னேரமானால் சனம் நல்லூருக்குப் போய்க்கொண்டே இருக்கும். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் உறவுகள் வந்து நிற்பதும் இந்த நாட்களில்தான். எனக்கு மிகவும் பிடித்த காலம் இது. ஆனால், பிள்ளை பெற்று ஒரு மாதம் ஆகாத பெண் வீட்டிலே இருந்தால், இந்த 25 நாட்களில் அவளுடைய சாப்பாட்டுக்கு என்ன நடக்கிறது என்பதை 2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில்தான் நான் கண்ணால் கண்டேன்.

அந்த ஆண்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எரிவாயுவுக்கு வரிசை. மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. 400 கிராம் பால்மாப் பைக்கற் ஆயிரம் ரூபாவைத் தாண்டியிருந்தது. கிளினிக்குக்குத் திரிபோஷா ஒழுங்காக வராத மாதங்களும் இருந்தன. கொரோனாக் கட்டுப்பாடுகள் நீங்கி நல்லூர் வீதிகளில் மீண்டும் சனம் நிறைந்ததும் அதே ஆண்டில்தான்.

மஞ்சத் திருவிழாவுக்கு முதல் நாள் கொக்குவிலில் ஒரு வீட்டுக்குப் போனேன். பெண் தலைமைத்துவக் குடும்பம் என்று எங்கள் பதிவில் உள்ள வீடு. வீட்டுக்காரருக்கு 1996இல் என்ன நடந்தது என்று இன்றுவரை தெரியாது. ஒரு மகளையும் கைக்குழந்தையாக இருந்த மகனையும் சுருட்டுச் சுத்தியும் தோட்ட வேலைக்குப் போயும் அந்த அம்மாதான் வளர்த்தெடுத்தார். அந்த மகனுக்கு இப்போது பிள்ளை பிறந்து 15 நாள். மருமகள் வன்னிப் பிள்ளை, வயது 22. 2009இல் தாயை இழந்து சித்தியிடம் வளர்ந்தவள். தலைப்பிரசவத்துக்குப் போகத் தாய்வீடு இல்லாததால் மாமி வீட்டிலேயே பிள்ளைப்பெறு பார்த்தார்கள்.

அறைக்குள் அந்தப் பிள்ளை சுவரோடு சாய்ந்திருந்தாள். முகத்தில் இரத்தம் இல்லை. எழும்பினால் தலை சுற்றுகிறது என்றாள். மாமி அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து மெதுவாகச் சொன்னாள்:

"பசிக்குதக்கா. இரவிலை பிள்ளை குடிச்சு முடிய வயிறு சுருண்டு போகுது. கேக்க வெக்கமாக் கிடக்கு."

காலையில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டேன். இடியப்பம் மூன்று, சரக்குத் தண்ணி. மத்தியானம்? சோறு, சரக்குத் தண்ணி, கொஞ்சம் முருங்கைக்காய். இரவும் அப்படித்தான். தண்ணீர்கூட அளந்துதான். கூடக் குடித்தால் வயிறு வைத்துவிடுமாம்.

அந்த அம்மா பொல்லாதவர் அல்ல. மருமகளுக்கு வேது வைத்துக் குளிக்க வார்க்கிறார். இரவில் பிள்ளையைத் தானே தூக்கி வைத்திருக்கிறார். சரக்கை அம்மியில் அரைக்கிறார், மிக்சியில் அடிப்பதில்லை. "மீன் குடுக்கேலாதோ அம்மா?" என்று கேட்டேன்.

"கொடியேறின வீட்டிலை எப்பிடிப் பிள்ளை மச்சம் புழங்கிறது?"

"அப்ப பருப்பு, பயறு?"

"பச்சை உடம்பெல்லே. வாய்வு பிடிச்சா ஆர் பாக்கிறது?"

அப்போதுதான் விளங்கியது. எங்கள் பத்தியத்தில் பிள்ளைப்பெற்றவளின் புரதம் பெரும்பாலும் மீன்தான். பால்சுறா, விளைமீன், திரளி என்று தேடி வாங்கிச் சரக்கு அரைத்துக் காய்ச்சிக் கொடுப்பார்கள். அதனால் பருப்பைத் தள்ளி வைத்தாலும் பெரிய குறை தெரியாது. விரதச் சமையலில் மீன் இல்லை. ஆனால் பருப்பும் பயறும் கடலையும் தயிரும் அந்த இடத்தை நிரப்பிவிடும். இந்தப் பிள்ளைக்கு இரண்டு தடையும் ஒன்றாக வந்து விழுந்திருந்தன. விரதம் மீனை எடுத்தது. பத்தியம் பருப்பை எடுத்தது. மிஞ்சியது சோறும் மிளகுத் தண்ணியும். வீட்டில் மற்றவர்கள் பருப்புக்கறியும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வடையும் சாப்பிட்டார்கள். விரதம் பிடிக்காத ஒருத்திதான் பட்டினி கிடந்தாள்.

நான் செய்த பிழையையும் சொல்ல வேண்டும். பையில் இருந்த துண்டுப்பிரசுரத்தை எடுத்துப் புரதம், இரும்புச்சத்து, கல்சியம் என்று விளக்கத் தொடங்கினேன். அதில் அப்பிளும் முந்திரிகையும் படமாக இருந்தன. அந்த அம்மா மரியாதைக்குக் கேட்டுவிட்டுத் தேத்தண்ணி போட்டுத் தந்தார். பிறகு சொன்னார்:

"அவர் போன நாள் துவக்கம் நல்லூரானுக்கு விரதம் விட்டதில்லை. இந்த முறை துடக்கு. கோயில் வாசல் மிதிக்கேலாது. விரதத்தையாவது ஒழுங்காப் பிடிப்பம் எண்டு இருக்கிறன், பிள்ளை."

இதற்கு என்ன பதில் சொல்வது? பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் துடக்கு பற்றிக் கட்டுரை எழுதி நல்ல புள்ளி வாங்கியவள் நான். அந்த வாசலில் அதில் ஒரு வரிகூட உதவவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது எனக்கு ஐந்து வயது. தம்பி பிறந்து மூன்று கிழமையும் ஆகவில்லை. தீபாவளி முடிந்து ஒரு கிழமை. மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் நடந்து தென்மராட்சிக்குப் போனோம். அங்கே முன்பின் தெரியாத ஒரு ஆச்சி எங்களைத் தன் அடுப்படியில் படுக்க விட்டார். பயற்றங் கஞ்சியும் முருங்கையிலை வறையும் அம்மாவுக்குத் தந்தார். "அண்டைக்கு ஆர் துடக்குப் பாத்தது? ஆர் வாய்வு பாத்தது? தந்தா, சாப்பிட்டன். பால் வந்தது" என்றார் அம்மா. எனக்கு வேண்டியது அந்தப் பயற்றங் கஞ்சியில் இருந்தது.

இரண்டு நாள் கழித்து அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் முதலில் பிள்ளையை நிறுத்துப் பார்த்தார். பிறகு பால் கொடுக்கும் விதத்தைப் பார்த்தார். பிள்ளை முலைக்காம்பை மட்டும் கவ்வியிருந்தது. சுற்றியுள்ள கறுப்புப் பகுதியும் வாய்க்குள் போகும்படி பிடித்துக் காட்டினார். மாப்பால் பேணி வாங்கும் யோசனை அந்த வீட்டில் இருந்தது. அது வேண்டாம் என்றும், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும் என்றும் சொன்னார்.

இதில் எங்கள் பெண்கள் பலர் பிழையாக விளங்கிக்கொண்டிருக்கும் ஒரு விடயம் உண்டு. தாய் குறைவாகச் சாப்பிட்டவுடன் பால் வற்றிவிடுவதில்லை. பிள்ளை உறிஞ்ச உறிஞ்சப் பால் சுரக்கும். சாப்பாட்டில் இல்லாததைத் தாயின் உடம்பு தன்னிடமிருந்தே எடுத்துக் கொடுக்கும். அதனால் பிள்ளை கொழுகொழு என்று இருக்க, தாய் தலைசுற்றி விழுவாள். "பிள்ளை நல்லாத்தானே இருக்கு" என்று வீட்டில் இருப்பவர்கள் ஆறுதலடைந்துவிடுவார்கள். பாலூட்டும் பெண்ணுக்கு வழமையைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக வேண்டும். எங்கள் கணக்கில், இன்னுமொரு சிறிய நேரச் சாப்பாடு. பிரசவத்தில் இரத்தம் போனவளுக்கு இரும்புச்சத்தும் வேண்டும். கிளினிக்கில் தந்த குளிசை அந்த வீட்டில் சாமித்தட்டுக்குக் கீழே உடைக்காமல் கிடந்தது. சூடு என்று நிறுத்திவிட்டார்களாம்.

நான் இந்த முறை துண்டுப்பிரசுரத்தை எடுக்கவில்லை. "உங்களுக்கு மூத்தது பிறக்கேக்கை உங்கட அம்மா என்ன தந்தவ?" என்று மட்டும் கேட்டேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். மூத்த மகள் பிறந்தது 1985இல். அதுவும் ஆவணி மாதம்.

"அதுவும் திருவிழாதான் பிள்ளை... அம்மா பயறை நல்லா வறுத்து, கோது போக்கி, உள்ளி கனக்கப் போட்டு அவிச்சுத் தந்தவ. வறுத்தா வாய்வில்லை எண்டு சொல்லுவா. உழுத்தங்களியும் கிண்டித் தந்தவ."

பிறகு நான் பேச அதிகம் இருக்கவில்லை. அவரே பேசினார். எனக்குத் தெரியாத பக்குவமெல்லாம் சொன்னார். வறுத்த பயற்றோடு நற்சீரகமும் உள்ளியும் பெருங்காயமும் சேர்த்துக் கறி. முருங்கையிலையைத் தேங்காய்ப்பூவோடு வறை. உழுத்தம்மாவும் அரிசிமாவும் பனங்கட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்துக் களி. எள்ளை வறுத்து இடித்துப் பனங்கட்டியோடு உருண்டை. இரவில் உள்ளி போட்டுக் காய்ச்சிய பசுப்பால். கோயிலுக்குப் படைக்கக்கூடியவைதாம் பெரும்பாலும். (கர்ப்ப காலத்தில் சீனி வருத்தம் இருந்தவர்கள் பனங்கட்டியையும் சீனியைப்போலவே எண்ண வேண்டும். களியில் இனிப்பைக் குறைக்கலாம்.)

"விரதம் நீங்கள் பிடியுங்கோ அம்மா. அவ பிள்ளைக்குப் பால் குடுக்கட்டும்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாள் பயறு வறுத்த வாசம் படலைக்கே வந்தது.

தண்ணீர் விடயத்தில் குடும்பநல உத்தியோகத்தர் கண்டிப்பாக இருந்தார். கொதித்தாறிய தண்ணீர் ஒரு போத்தலில் தாயின் பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் ஒரு கோப்பை குடிக்க வேண்டும் என்றார். இன்னொன்று தேத்தண்ணி. திருவிழா நாளில் வந்து போகும் ஆட்களோடு சேர்ந்து ஐந்து ஆறு தரம் பிளேன்ரீ குடிக்கிறோம். சாப்பிட்ட கையோடு குடித்தால் கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேராது. ஒரு மணித்தியாலமாவது பொறுத்துக் குடிக்கலாம். சாப்பாட்டோடு தேசிக்காய் பிழிந்தால் அந்தச் சத்து நன்றாகச் சேரும். தேசிக்காய் குளிர் என்பார்கள். சோற்றில் இரண்டு துளி விட்டால் ஒருவருக்கும் தடிமன் வராது என்பது என் அனுபவம்.

கணவன் மேசன் வேலைக்குக் கையாளாகப் போகிறவன். சீமெந்து விலையால் அப்போது வேலை இல்லை. அவன் தன் அளவில் ஒன்று செய்திருந்தான். துடக்கு என்பதால் கோயிலுக்குள் போகாமல், தெருவோரக் கச்சான் கடையில் சரை ஒன்று வாங்கி வந்து இரவில் மனைவிக்கு இரகசியமாகக் கொடுத்திருக்கிறான். கச்சான் நல்ல புரதம். மாமிக்குத் தெரியாது என்று அவள் நினைத்திருந்தாள். "பாய்க்குக் கீழை ஒவ்வொரு நாளும் கோது கூட்டுறன், எனக்குத் தெரியாதே?" என்று அந்த அம்மா என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

நல்லூர்த் திருவிழாவோடு இது முடிவதில்லை. தீபாவளிக்குப் பங்கு இறைச்சி வரும், பொங்கலுக்குப் பலகாரச் சூடு, மார்கழி விடுமுறைக்கு வெளிநாட்டு ஆட்கள். அந்த நாட்களில் சாப்பாட்டுக்குக் குறை இல்லை. சமைத்துப் பரிமாறி முடிய நாலு மணி ஆகும். கைப்பிள்ளைக்காரியும் அதுவரை சொக்கிளேற்றையும் முறுக்கையும் கடித்துக்கொண்டு நிற்பாள். அவளுக்கு மட்டும் பன்னிரண்டு மணிக்கு ஒரு கோப்பை போட்டுக் கொடுத்துவிட்டால் ஒருவரும் குறை நினைக்கப்போவதில்லை. பிள்ளை பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிஸ்கற் பெட்டியும் சோடாவும் கொண்டு போவதை விட்டு, ஒரு கறியைச் சமைத்து மூடிக் கொண்டு போங்கள். ஒரு கட்டு முருங்கையிலை என்றாலும் போதும். எங்கள் பெண்களில் எத்தனையோ பேருக்குப் பத்தியம் காய்ச்சிக் கொடுக்கத் தாயும் இல்லை, மாமியும் இல்லை. தானே எழும்பி அடுப்பு மூட்டுகிறவளுக்கு ஒரு நேரக் கறி என்பது ஒரு மணித்தியால நித்திரை.

திரிபோஷா கிடைத்தால் அதைத் தாயே சாப்பிட வேண்டும் என்பதையும் சொல்லி வைக்கிறேன். தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்தால் வீட்டுச் சிறுவர்கள் சுற்றி நிற்பார்கள். கொடுக்காமல் இருக்க எந்தத் தாயாலும் முடியாது. ஆனபடியால் ஆட்கள் இல்லாத நேரம் பிடியுங்கள்.

அந்த வீட்டுக்கு நான் மறுபடி போனது தீர்த்தத்துக்கு அடுத்த நாள். துடக்குக் கழித்து, வீடு கழுவி, மச்சச் சட்டி திரும்ப அடுப்பில் ஏறியிருந்தது. பால்சுறா வாங்கவென்று மகன் விடியவே போயிருக்கிறான். அந்தக் கிழமைதான் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. பால்சுறா கைக்கு எட்டவில்லை. அரைக் கிலோ சூடை மீனோடு வந்தான். சின்ன மீன் என்றால் முள்ளோடு மென்று சாப்பிடலாம், கல்சியமும் சேரும் என்று நான் சொல்ல வாய் திறப்பதற்குள் சரக்கு அரைத்து முடிந்திருந்தது.

அந்தப் பிள்ளை இப்போது விறாந்தையில் வந்து இருந்தாள். மாமி சோற்றைப் போட்டு, மீனும் தண்ணியுமாகக் கறியை வார்த்து, முருங்கையிலை வறையையும் வைத்து அவள் கையில் கொடுத்தார்.

"எனக்கு?" என்றான் மகன்.

"நீ பொறு" என்றார் அந்த அம்மா.