வலது மூக்கு

மருந்தைக் கெடாமல் பார்த்துக்கொள்வதில் எனக்கு ரொம்பப் பெருமை. மாமியாருக்கு எழுதிக் கொடுத்த கால்சிடோனின் ஸ்ப்ரேயைக் காஞ்சிபுரத்தில் வாங்கினால், ஐஸ் போட்ட டப்பாவில் வைத்து, வாலாஜாபாத் வரும்வரை பஸ்ஸில் மடியை விட்டு இறக்க மாட்டேன். திறக்காத பாட்டில் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்கணும், ஆனால் உறையக் கூடாது என்று மெடிக்கல்காரர் சொல்லியிருந்தார். அக்னி நட்சத்திர வெயிலில் அதுவே பெரிய காரியம். அதோடு என் பொறுப்பு தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன் பாருங்கள், அங்கேதான் கோட்டை விட்டேன்.

தண்ணிக் குடத்தைத் தூக்கும்போது அத்தைக்கு முதுகில் சுளீரென்று பிடித்தது. எக்ஸ்ரேயில் முதுகெலும்பில் ஒரு கட்டை நசுங்கியிருந்தது. கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளோடு இந்த ஸ்ப்ரேயையும் டாக்டர் எழுதினார். சால்மன் மீனின் உடம்பில் சுரக்கிற ஹார்மோன் மாதிரியே செய்தது, எலும்பைக் கரைக்கிற செல்களை அடக்கும், புது முறிவின் வலியும் குறையும் என்றார்.

"மீனா? நான் கவுச்சியே தொடமாட்டேனே!"

"ஃபேக்டரியில செய்யறதும்மா, பயப்படாதீங்க."

முறையையும் சொன்னார். தினம் ஒரே ஒரு பீச்சு, அதில் 200 யூனிட். இன்றைக்கு வலது மூக்கென்றால் நாளைக்கு இடது. தலை நிமிர்ந்திருக்கணும். புது பாட்டிலை முதல் தடவை மட்டும் காற்றில் அழுத்தி, சாரல் சீராக வருகிறதா என்று பார்த்தால் போதும். நானும் தலையை ஆட்டினேன்.

வீட்டில் நடந்தது வேறு. அத்தையின் கட்டில் சுவரை ஒட்டிக் கிடக்கும். எழுந்தால் வலிக்குமே என்று படுத்தபடியே போட்டுவிடுவேன். என் பக்கம் இருந்தது வலது மூக்கு. இடதுக்குப் போட அவரைத் தாண்டி எக்க வேண்டும். "இன்னிக்கு அந்தப் பக்கமில்ல?" என்று அத்தை கேட்டதுண்டு. "எதுல போனா என்ன அத்தே, உள்ளதானே போவுது" என்பேன். போதாக்குறைக்கு, ஊசியில் காற்றை வெளியேற்றுகிற நர்ஸ் மாதிரி, தினமும் ஒரு தடவை காற்றில் பீச்சிப் பார்த்துவிட்டுத்தான் போடுவேன். அத்தைக்குப் பாதி, காற்றுக்குப் பாதி. பாட்டில் சீக்கிரம் தீர்ந்தபோது கம்பெனிக்காரனைத்தான் திட்டினேன்.

வலி குறைந்து அத்தை நடமாட ஆரம்பித்த பிறகும் பழைய சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டேதான் இருந்தேன். எலும்புக்கு நல்லதுதானே, நிறுத்துவானேன் என்ற எண்ணம். தலையணை உறையில் ரத்தப் பொட்டு தெரிந்தபோது உடம்புச் சூடு என்று முடிவு கட்டி, வெந்தயமும் இளநீரும் கொடுத்தேன்.

மூக்கு எரிகிறது என்று அத்தை சாப்பாட்டைத் தள்ளியபிறகுதான் டாக்டரிடம் போனோம். அவர் டார்ச் அடித்து வலது மூக்கைப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். பிறகு இடது. மறுபடி வலது. "இந்தப் பக்கம் புண்ணு. அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லையே?" என்றார். எனக்குக் கட்டிலும் சுவரும் கண்ணில் வந்தது. அத்தை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு டாக்டர் சீட்டிலிருந்த தேதியைப் பார்த்தார். "இன்னுமா போடறீங்க?" குரல் உயரவில்லை. கொஞ்ச நாள் வலிக்காகத்தான் கொடுத்தாராம். இதை ரொம்ப நாள் எடுத்தவர்களிடம் புற்றுநோய் சற்றுக் கூடுதலாகத் தெரிந்ததால், எலும்புத் தேய்மானத்துக்கு இந்த மூக்கு மருந்து வேண்டாம் என்று 2012-லேயே ஐரோப்பிய மருந்து முகமை சொல்லிவிட்டதாம். மூக்கு மருந்தில் அந்தக் கூடுதல் 2.4 சதவீதம். சின்ன எண்தான். டாக்டர் சொன்ன நாளோடு நிறுத்தியிருந்தால் அந்த எண்ணை நான் தெரிந்துகொள்ள வேண்டியே இருந்திருக்காது. அதன்பிறகு எத்தனையோ ராத்திரி அதையே நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

ஸ்ப்ரே நின்றது, புண்ணும் ஆறியது. இப்போது வாரம் ஒரு மாத்திரை. வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் தண்ணியோடு. அப்புறம் அரை மணி நேரம் படுக்கக் கூடாது, வேறெதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. சீட்டு, மாத்திரை அட்டை எல்லாம் அத்தையின் சுருக்குப் பைக்குள் போய்விட்டன. மாத்திரை நாளன்று எனக்கு முன்னால் எழுந்து, திண்ணையில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

"காபி தரட்டுமா அத்தே?" என்று போன வாரம் வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"மணியப் பாரும்மா," என்றார். "இன்னும் அரை மணி ஆவல."