கடல் கடந்த மடல்: முரண்டு பிடிக்கும் லோடிங் கேட்

கையால் லீவரை இழுத்துத் தோட்டா ஏற்றும் லீவர் ரைபிளின் வலப்பக்கத்தில், விசைக்கு மேலே சற்று முன்னால், கட்டைவிரல் அகலத்தில் ஓர் எஃகுக் கதவு இருக்கும். தோட்டா உள்ளே போவது அந்த வழியாகத்தான். அமெரிக்க வேட்டைக்காரர்கள் இதை லோடிங் கேட் என்கிறார்கள். புதிதாக ரைபிள் வாங்கியவர் பலர் முதலில் சொல்லும் குறை இந்தக் கதவைப் பற்றியது: இறுகலாக இருக்கிறது, நாலு தோட்டா போடுவதற்குள் நகக்கண் நோகிறது, பித்தளை உறையில் கீறல் விழுகிறது. வீட்டு மேசையிலேயே சரிசெய்யக்கூடிய குறைதான் இது. பொறுமையும் சில உப்புத்தாள்களும் போதும். ஆனால் எதைத் தேய்க்க வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று தெரிந்துகொண்டு உட்கார வேண்டும்.

இந்தக் கதவுக்கு ஒன்றரை நூற்றாண்டு வயது ஆகிறது. 1860இல் வந்த ஹென்றி ரைபிளில் கதவு கிடையாது. குழலுக்கு அடியில் இருந்த மேகசினை, அதாவது தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் குழாயை, முன்புறமாகத் திறந்துதான் தோட்டாக்களை இறக்க வேண்டும். அதற்கு ரைபிளைத் தோளிலிருந்து எடுத்து நிமிர்த்திப் பிடிக்க வேண்டியிருந்தது. வின்செஸ்டர் ஆலையின் கண்காணிப்பாளர் நெல்சன் கிங் பக்கவாட்டுக் கதவை வடிவமைத்தார். 1866 மாடலில் அது வந்தது. சுட்ட தோட்டாவுக்கு ஈடாக ஒன்றை அவ்வப்போது உள்ளே தள்ளி மேகசினை நிரப்பி வைத்துக்கொள்ளும் வசதி அப்போதுதான் கிடைத்தது. ஜான் மோசஸ் பிரவுனிங் வடிவமைத்த 1892, 1894 மாடல்களிலும், 1948இல் அறிமுகமான மார்லின் 336இலும் இதே ஏற்பாடுதான். பென்சில்வேனியா மாநிலத்தில் அரைத் தானியங்கி ரைபிளால் மான் வேட்டையாட நீண்ட காலம் அனுமதி இருந்ததில்லை. அதனால் கையால் லீவரை இழுத்து வேகமாகச் சுடும் இந்த ரைபிளுக்கு அங்கே மவுசு குறையவில்லை.

சேலம் மாவட்டத் தம்மம்பட்டிப் பக்கத்து வாசகருக்கு லீவர் ரைபிள் முழுக்க அந்நியமான பொருள் அல்ல. பழைய சேலம் மாவட்டக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் சுட்ட வேட்டைக்கார எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சன் கையில் இருந்தது .405 வின்செஸ்டர், அதாவது 1895 மாடல் லீவர் ரைபிள். அவருடைய முதல் புத்தகம் 1954இல் வந்தது. அதில் வரும் ஜவளகிரி என்ற ஊர் அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1965இல் தருமபுரி தனி மாவட்டமானது, 2004இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. அந்த 1895 மாடலுக்குப் பக்கக் கதவு இல்லை. லீவரைத் திறந்து, மேலிருந்து கட்டைவிரலால் தோட்டாவைப் பெட்டி மேகசினுக்குள் அழுத்த வேண்டும். கீழே சொல்லப்படும் கதவு வேலை அதற்குப் பொருந்தாது. பெட்டியின் உட்புறத்தைச் சுத்தமாக வைப்பதும், தோட்டாவின் அடிவிளிம்புகள் ஒன்றோடொன்று மாட்டாதபடி அடுக்குவதும்தான் அதில் செய்யக்கூடியவை.

பக்கக் கதவு உள்ள ரைபிளில் தோட்டா எதிர்கொள்ளும் தடைகள் மூன்று. முதலாவது, கதவின் சொந்த வலு. கதவே ஒரு தட்டை ஸ்பிரிங்தான். ஒரு முனை திருகாணியால் பிடித்திருக்க, மறுமுனை உள்நோக்கி வளைந்து கொடுக்கிறது. தகடு தடிமனாக இருந்தால் வளைய மறுக்கும். இரண்டாவது, உரசல். கதவின் ஓரமும், ரிசீவர் எனப்படும் துப்பாக்கியின் நடு உடலில் வெட்டிய ஓட்டையின் உதடும் எந்திரத்தில் வெட்டியபடியே கூராக விடப்பட்டிருந்தால் பித்தளையைச் சீவும், விரலையும் கிழிக்கும். மூன்றாவது, மேகசின் குழலுக்குள் இருக்கும் நீளமான ஸ்பிரிங். ஒவ்வொரு தோட்டாவும் அதை இன்னும் கொஞ்சம் சுருக்குவதால் கடைசித் தோட்டாவுக்கு வரும்போது எதிர்ப்பு உச்சத்தில் இருக்கும்.

எந்தத் தடை என்று கண்டுபிடிக்காமல் அரத்தை எடுப்பது வீண். முதல் தோட்டாவே முரண்டினால் குறை கதவில் இருக்கிறது. முதல் இரண்டு சுலபமாகப் போய், அடுத்தடுத்தவை இறுகினால் மேகசின் ஸ்பிரிங்கைச் சந்தேகிக்கலாம். தோட்டா ஒரே இடத்தில் டக்கென்று நின்றால், அடிவிளிம்பு எதிலோ மாட்டுகிறது என்று பொருள். உறையில் நீளக் கோடு விழுந்து, கதவின் ஓரத்தில் மயிரிழை போலப் பித்தளைச் சீவல் ஒட்டியிருந்தால் ஓரம் கூராக இருக்கிறது. இடத்தைத் துல்லியமாக அறிய ஒரு மார்க்கர் பேனா உதவும். கதவின் ஓரத்திலும் ஓட்டையின் உதட்டிலும் கறுப்பு மை பூசிக் காயவிட்டு, போலித் தோட்டா ஒன்றை இரண்டு மூன்று முறை உள்ளே தள்ளிப் பார்க்க வேண்டும். மை அழிந்து எஃகு மின்னும் இடத்தில்தான் உரசல். தேய்க்க வேண்டியதும் அந்த இடத்தை மட்டுமே.

வேலை தொடங்குமுன் துப்பாக்கி காலி என்பதை உறுதிசெய்ய வேண்டும். லீவரைத் திறந்து, தோட்டா அறையைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவி, மேகசின் குழலுக்குள் எதுவும் மிச்சமில்லை என்று சோதிக்க வேண்டும். குழல் மேகசினில் ஒரு தோட்டா ஒட்டிக்கொண்டு நிற்பது உண்டு. லீவரை நாலு தடவை இழுத்துவிட்டோம், காலிதான் என்று நம்பிவிடக் கூடாது. உண்மையான தோட்டாக்கள் வேறு அறையில் பூட்டியிருக்க வேண்டும். மேசையில் இருப்பவை வெடிமருந்தோ, அதைப் பற்றவைக்கும் பிரைமரோ இல்லாத போலித் தோட்டாக்கள் மட்டுமே.

முதல் வைத்தியம் சுத்தம் செய்வது. புது ரைபிளில் துரு பிடிக்காமல் இருக்க ஆலையில் பூசிய பசையும், பழைய ரைபிளில் காய்ந்து பிசினாகிப்போன எண்ணெயும் மேகசின் குழலுக்குள்ளேயும் கதவின் பின்புறத்திலும் ஒட்டியிருக்கும். இதைத் துடைத்து, மெல்லியதாக எண்ணெய் தடவி, போலித் தோட்டாக்களைப் பலமுறை ஏற்றி இறக்கினாலே பாதி இறுக்கம் போய்விடுவது உண்டு. அவ்வளவில் திருப்தி என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

போகவில்லையென்றால் கதவைக் கழற்ற வேண்டும். மார்லின் 336இல் இது சுலபம். லீவரின் திருகாணியை எடுத்து, லீவரை உருவி, தோட்டா அறையை மூடும் போல்ட்டைப் பின்னால் இழுத்து, சுட்ட உறையை வெளியே தள்ளும் எஜெக்டரை எடுத்துவிட்டால் உள்ளே இடம் கிடைக்கும். பிறகு ரிசீவரின் வெளிப்புறத் திருகாணியைத் திருப்பினால் கதவு உள்பக்கமாகக் கையில் வரும். 1892, 1894 வகைகளில் கழற்ற வேண்டிய பாகங்கள் அதிகம். ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் படம் எடுத்து, கழற்றிய வரிசையிலேயே தட்டில் வைப்பது நல்லது. சாதாரண ஸ்க்ரூ டிரைவரின் முனை ஆப்பு வடிவில் இருப்பதால் திருகாணியின் வாயைச் சிதைத்துவிடும். பக்கங்கள் இணையாக இருக்கும் துப்பாக்கி வேலைக்கான முனைதான் சரி.

கழற்றிய கதவின் ஓரங்களை நல்ல வெளிச்சத்தில் விரல்நகத்தால் தடவிப் பார்த்தால் பிசிறு தட்டுப்படும். ஒரு மெல்லிய மரக்குச்சியில் 400 எண் எமரி தாளைச் சுற்றி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஓரத்தின் கூர்மை மட்டும் மழுங்கும்படி தேய்க்க வேண்டும். பிறகு 600, அதன் பிறகு 1000 எண் தாள். ஓட்டையின் உள்ளுதட்டுக்கும் இதே முறைதான். தம்மம்பட்டி மரச்சிற்பி உளி வேலை முடிந்த சிலையை உப்புத்தாளால் நயமாக்கும்போது மூக்கும் உதடும் மாறாமல் பார்த்துக்கொள்வதைப் போல, இங்கேயும் சொரசொரப்பு போக வேண்டும், வடிவம் மாறக் கூடாது. கதவின் நீளத்தையும் முனையின் வளைவையும் குறைத்துவிட்டால் கதவு ஓட்டையைச் சரியாக மூடாது, உள்ளே போன தோட்டா வந்த வழியே திரும்பவும் வாய்ப்பு உண்டு. சாணைக்கல் பொருத்திய கை எந்திரத்தைப் பக்கத்தில் கொண்டுவரவே வேண்டாம். அது ஒரு நொடியில் தின்றுவிடும் எஃகை யாராலும் திருப்பி ஒட்ட முடியாது. வெளியோரத்தில் கறுப்புப் பூச்சு போன இடத்தை, கடையில் கிடைக்கும் குளிர்முறைப் பூச்சு மருந்தால் மறைக்கலாம்.

ஓரம் வழுவழுப்பான பிறகும் கதவு வளைய மறுத்தால் மட்டுமே தகட்டை மெலிதாக்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும். அதற்குமுன் மாற்றுக் கதவு ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது அவசியம். வளையும் கழுத்துப் பகுதியின் உட்புறத்தை நீளவாக்கில் மட்டும், கொஞ்சம் தேய்ப்பதும் பொருத்திப் பார்ப்பதுமாகக் குறைக்க வேண்டும். குறுக்காகத் தேய்த்தால் விழும் கீறலிலிருந்து விரிசல் தொடங்கி, ஒருநாள் ஸ்பிரிங் முறிந்துவிடும். தேய்க்கும்போது தகடு சூடாகவும் கூடாது. சூடேறினால் எஃகு தன் பதத்தை இழந்து, வளைந்தது திரும்பி வராது.

மேகசின் ஸ்பிரிங்தான் குறை என்று தெரிந்தால், அதே மாடலுக்குரிய புது ஸ்பிரிங்கை வாங்கி ஒப்பிட்டுப் பார்ப்பது முதல் வழி. வெட்டியே ஆக வேண்டுமென்றால் ஒரு தடவைக்கு ஒரு சுற்று மட்டும். அளவுக்கு மீறிக் குறைந்துவிட்டால் கடைசித் தோட்டாவைத் தள்ளும் வலு ஸ்பிரிங்குக்கு இருக்காது. தோட்டா நடுவழியில் நின்றால் விசையமைப்பையோ சுத்தியலையோ தோட்டாவைத் தூக்கும் பாகத்தையோ தேய்க்கும் ஆசை வரும். அவை துப்பாக்கி தானாக வெடிக்காமல் காப்பதோடும் தோட்டா சரியான நேரத்தில் ஏறுவதோடும் தொடர்புடையவை. அங்கே குறை என்றால் தேர்ந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.

தேய்த்த தூள் ஒரு துளியும் இல்லாமல் கழுவித் துடைத்து, எண்ணெய் பூசி, எல்லாவற்றையும் பூட்டிய பின் சோதனை. கதவை விரலால் அழுத்தி விட்டால் ரிசீவரின் மட்டத்துக்குத் தானாகத் திரும்ப வேண்டும். போலித் தோட்டாக்களால் மேகசினை நிரப்பி, லீவரை மெதுவாகவும் வேகமாகவும் இழுத்து, கடைசி வரை எல்லாம் வெளியே வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதில் தேறிய பிறகே சுடுதளத்தில் ஓரிரு உண்மைத் தோட்டாக்களோடு தொடங்கலாம்.

தோட்டா போடும் முறையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தோட்டாவை முழுவதும் உள்ளே தள்ளாமல், அடிப்பகுதி கதவைத் திறந்தபடி பிடித்திருக்குமாறு கொஞ்சம் வெளியே விட்டு, அடுத்த தோட்டாவின் மூக்கால் அதை உள்ளே தள்ள வேண்டும். கதவு ஒவ்வொரு முறையும் மூடித் திறக்காது. கடைசித் தோட்டாவை மட்டும் கட்டைவிரலால் முழுக்க அழுத்தினால் போதும். அந்த மூக்கு தட்டையாக இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. குழல் மேகசினில் ஒன்றின் மூக்கு முன்னால் இருப்பதன் பிரைமர்மீது பட்டபடி நிற்பதால், கூர்முனைக் குண்டு சுடும் அதிர்வில் அதை வெடிக்கச் செய்துவிடலாம். 2000களின் நடுவில் ஹார்னடி நிறுவனம் கொண்டுவந்த மென்மையான பாலிமர் முனைக் குண்டுகள் இந்த ஆபத்தைத் தவிர்ப்பதற்காகவே உருவானவை.

அமெரிக்காவில் ஒருவர் சட்டப்படி வைத்திருக்கும் ரைபிளின் கதவைத் தன் வீட்டிலேயே தேய்த்துக்கொள்வது பொதுவாகக் குற்றமாகாது. இந்தியாவில் நிலைமை வேறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, துப்பாக்கி தயாரிப்பது, விற்பது, மாற்றியமைப்பது ஆகியவற்றோடு பழுதுபார்ப்பதையும் உரிமத்துக்குள் கொண்டுவருகிறது. வைத்திருக்கும் உரிமம் 3ஆம் பிரிவின் கீழ் வருவது, அது பழுதுபார்க்கும் உரிமம் ஆகாது. கொல்லிமலை, பச்சைமலை அடிவாரத்தில் பயிர்க்காவலுக்கென்று முறைப்படி உரிமம் பெற்ற நாட்டுத்துப்பாக்கி வைத்திருப்பவருக்கும், தாத்தா காலத்து ரைபிளை உரிமத்தோடு காத்துவருபவருக்கும் இந்த விதி ஒன்றுதான். துடைப்பதும் எண்ணெய் போடுவதும் உடைமையாளர் செய்துகொள்ளக்கூடியவை. அரமும் எமரி தாளும் எடுக்கும் வேலை உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவருடையது. அவரிடம் கொண்டுபோகும்போது எத்தனையாவது தோட்டாவில் இறுகுகிறது, உறையில் எந்தப் பக்கம் கீறல் விழுகிறது என்று சொன்னால், அவர் தேட வேண்டிய இடம் பெரும்பாலும் அப்போதே தெரிந்துவிடும்.