குடல் போடும் கணக்கு

பிஸ்கட் பொட்டலத்தின் பின்பக்கத்தில், மாவு, பாமாயில், சர்க்கரை என்று சேர்மானங்களை வரிசையாகச் சொன்ன பிறகு, ஒரு சின்னக் கட்டத்துக்குள் ஆற்றல், புரதம், மாவுச்சத்து, கொழுப்பு என்று எண்கள் இருக்கும். நூறு கிராமுக்கு இவ்வளவு என்று, சில சமயம் தசமப் புள்ளி வரைக்கும் போட்டிருப்பார்கள். அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத் தின்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். சாப்பிடும் ஒவ்வொரு இட்லியையும் கைபேசிச் செயலியில் வரவு வைப்பவர்களும் இருக்கிறார்கள். எண் பொய்யில்லை. பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை அது சொல்கிறது. தின்றவருக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்பது வேறு கேள்வி. அதற்கான பதில், ஆறு மீட்டர் சிறுகுடலையும் அதற்கப்பால் ஒன்றரை மீட்டர் பெருங்குடலையும் கடந்த பிறகுதான் தெரியும். உணவு எந்த உருவத்தில், எதோடு சேர்ந்து, யாருடைய குடலுக்குள் போகிறது என்பதைப் பொறுத்து அதன் சத்து கூடும், குறையும். இதை மறந்துவிட்டு வெறும் கிராமும் மில்லிகிராமுமாக உணவைப் பேசுவதில் பிழை இருக்கிறது என்பதே என் கட்சி.

கட்டத்தில் உள்ள எண்களுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வில்பர் அட்வாட்டர் என்ற வேதியியலாளர் உணவுப் பொருள்களை எரித்து, வெளிவரும் வெப்பத்தை அளந்தார். அதோடு நிறுத்தவில்லை. ஆட்களுக்கு அளந்து உணவு கொடுத்து, அவர்களுடைய மலத்தையும் சிறுநீரையும் சேகரித்து, அதில் வீணாகிப்போன ஆற்றலையும் கழித்தார். அப்படிக் கழித்து, சராசரி எடுத்துக் கிடைத்தவைதான் மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9 என்ற கணக்கு. ஆகவே செரிமானத்தை அவர் மறந்துவிட்டார் என்று யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அவர் எடுத்த சராசரி, அந்தக் காலத்து அமெரிக்கர்கள் உண்ட கலப்புச் சாப்பாட்டின் சராசரி. மொத்தச் சாப்பாட்டுக்கு அது ஓரளவு சரியாகவே வரும். அதே எண்களைத் தனித்தனிப் பண்டங்களின் மேல் ஒட்டும்போதுதான் வில்லங்கம் தொடங்குகிறது.

நிலக்கடலையை எடுத்துக்கொள்வோம். 1980இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உணவிலுள்ள கொழுப்பில் பெரும்பகுதி கடலையிலிருந்தே வரும்படி வைத்து, அந்தக் கடலையை மூன்று விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள்: முழுக் கடலையாக, வெண்ணெய் போல அரைத்த விழுதாக, ஆட்டிய எண்ணெயாக. எண்ணெயாகக் கொடுத்தபோது மலத்தில் வெளியேறிய கொழுப்பு நூற்றுக்கு நாலைந்து பங்கு. விழுதில் அது 7. முழுக் கடலையிலோ ஏறக்குறைய 18. காரணம் எளிமையானது. கடலையின் எண்ணெய் கோடிக்கணக்கான நுண்ணிய செல்களுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. அந்தச் செல்களின் சுவரைக் கரைக்கும் நொதி மனிதனிடம் இல்லை. பல்லில் அகப்பட்டு உடையும் செல்களின் எண்ணெய் பித்தநீரில் கலந்து, கணையத்து நொதியால் உடைபட்டு, ரத்தத்துக்குப் போகிறது. உடையாத செல், சுவரோடும் எண்ணெயோடும் அப்படியே நழுவிப் பெருங்குடலுக்குப் போய்விடுகிறது. அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள் 2012இல் பாதாம் பருப்பிலும் இதையே கண்டார்கள். 28 கிராம் பாதாமுக்கு வழக்கமான கணக்கு 170 கலோரி என்கிறது. தின்றவர்களிடம் அளந்தபோது கிடைத்தது 129. வறுத்த கடலையைக் கொறிப்பவரும் அதே கடலையைத் தேங்காயோடு மைய அரைத்துச் சட்னியாகத் தொட்டுக்கொள்பவரும் காகிதத்தில் ஒரே கொழுப்பைத்தான் தின்கிறார்கள். குடலில் அப்படி இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அட்வாட்டர் கணக்கு எந்தப் பண்டத்துக்கு மிகச் சரியாகப் பொருந்துகிறது? மைதா, சர்க்கரை, எண்ணெய் மூன்றும் சேர்ந்த பிஸ்கட்டுக்குத்தான். ஏனென்றால் அதில் குடல் உடைக்க வேண்டிய சுவர்களை ஆலையே உடைத்துவிட்டது. எந்தப் பண்டத்துக்கு அதிகமாகப் பிசகுகிறது? கடலை, பயறு, உடைக்காத தானியங்களுக்கு. அதாவது, கலோரியை மட்டும் பார்த்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவருக்குக் கடலை தன் தகுதிக்கு மீறிக் குண்டாகத் தெரிகிறது.

உடைபடும் வேகமும் ஒரு கணக்கு. இரைப்பை தனக்கு வந்ததை அமிலத்தில் ஊறவைத்து, பிசைந்து, ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கும் சிறிதாக ஆன பின்புதான் அடிவாயில் வழியாகச் சிறுகுடலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. முன்கூட்டியே அரைபட்டு வந்த உணவுக்கு அந்தக் காத்திருப்பு குறைவு. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் கென் ஹீட்டன் குழுவினர் 1977இல் ஒரே ஆப்பிளை முழுப் பழமாகவும், கூழாகவும், சாறாகவும் கொடுத்தார்கள். சர்க்கரை அளவு மூன்றிலும் ஒன்றே. முழுப் பழத்தில் வயிறு நிறைந்த உணர்வு அதிகம், இன்சுலின் ஏற்றம் குறைவு, கூழ் நடுவில், சாறு குடித்தவர்களுக்கு இன்சுலின் அதிகமாக ஏறியது, பிறகு ரத்தச் சர்க்கரை தொடங்கிய இடத்துக்கும் கீழே சரிந்தது. ஹீட்டன் பிறகு கோதுமையிலும் பார்த்தார். முழுக் கோதுமை, உடைத்த கோதுமை, கொரகொரப்பான மாவு, நைஸ் மாவு என்று துகள் சிறிதாகச் சிறிதாக இன்சுலின் படிப்படியாக ஏறிற்று. முழுக் கோதுமை நல்லது என்று கேள்விப்பட்டு ஆட்டா வாங்குகிறவர்கள் அறிய வேண்டிய செய்தி இது: தவிடு உள்ளே இருக்கிறது, சரி, ஆனால் தானியத்தின் உருவம் போய்விட்டது.

சிறுகுடல் கைவிட்டதெல்லாம் வீண் என்றும் சொல்வதற்கில்லை. பெருங்குடலின் பாக்டீரியாக்கள் நார்ச்சத்தையும் செரிக்காத மாவுச்சத்தையும் நொதிக்கவைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றில் ஒன்றான பியூட்டிரேட்தான் பெருங்குடலின் உட்சுவர் செல்களுக்கு முதன்மையான எரிபொருள். சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பங்கு மறுபடி இறுகி, நொதிக்கு எளிதில் பிடிபடாத உருவம் எடுக்கிறது என்பதும் உண்மை. இந்த இடத்தில்தான் பழைய சோற்றுப் புகழ் பாடுகிறவர்கள் மேடையேறிவிடுகிறார்கள். நீராகாரம் சர்வரோக நிவாரணி, முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள் என்ற பேச்சுக்கு என் வாதத்தைத் துணைக்கு அழைக்க வேண்டாம். ஆறிய சோற்றில் இறுகும் பங்கு சிறியது. தீட்டிய வெள்ளை அரிசியை மூன்று வேளையும் தட்டு நிறையத் தின்பதன் விளைவை அது ஈடுகட்டிவிடாது. ஊறவைப்பது, முளைகட்டுவது, புளிக்கவைப்பது ஆகியவை பயறிலும் கேழ்வரகிலும் தாதுக்களைப் பிடித்துவைத்திருக்கும் ஃபைட்டேட்டைக் குறைத்து இரும்பையும் துத்தநாகத்தையும் விடுவிக்கின்றன என்பது ஆய்வகத்தில் நிறுவப்பட்டது. அதனால்தான் அந்த வழக்கங்களுக்கு மதிப்பு. பழமை என்பதற்காக இல்லை.

பௌதிகம் படித்தவர்கள் கேட்பது வேறு. ஆற்றல் அழியாது, ஆகவே உள்ளே போனதுக்கும் செலவானதுக்கும் உள்ள வித்தியாசம்தான் உடல் எடை, இதில் குடலுக்கு என்ன தனி நியாயம் என்பார்கள். விதியை யாரும் மறுக்கவில்லை. ஆனால் உள்ளே போனது எவ்வளவு என்பதையே தவறாக எழுதிவிட்டு விதியை மேற்கோள் காட்டிப் பயனில்லை. அதோடு, எவ்வளவு தின்கிறோம் என்பதையும் தின்னும் பொருளே ஓரளவு தீர்மானிக்கிறது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 2019இல் வெளியிட்ட பரிசோதனையில் 20 பேர் ஒரு மாதம் அங்கேயே தங்கினார்கள். இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு. பரிமாறப்பட்ட கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார், உப்பு எல்லாம் இரண்டிலும் ஒரே அளவாக இருக்கும்படி வைத்து, வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்று விட்டார்கள். ஆலை உணவின்போது அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகத் தின்று, ஏறக்குறைய ஒரு கிலோ ஏறினார்கள். மற்றதில் அதே அளவு இறங்கினார்கள். அட்டவணைப்படி இரண்டு தட்டுகளும் ஒன்றுதான்.

இன்னும் கனமான மறுப்பு ஒன்று உண்டு. வயிற்றுக்கே வழியில்லாதவர்களிடம் உருவமும் சேர்மானமும் பேசுவது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு. முதலில் சத்து தட்டுக்கு வரட்டும் என்பது. இது நியாயமானது. தட்டில் இல்லாத சத்தை எந்தக் குடலும் உண்டாக்கித் தர முடியாது. 1918இல் ராபர்ட் மெக்காரிசன் குன்னூரில் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் தொடங்கிய பெரிபெரி நோய் ஆய்வுதான் பின்னாளில் ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. தீட்டிய பச்சரிசி உண்ட ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி இருந்தது, புழுங்கலரிசி உண்ட தமிழ்ப் பகுதிகளில் அது அரிது என்ற வித்தியாசம், அரிசியில் எஞ்சும் தயமின் என்ற வைட்டமினின் அளவால் வந்தது. அங்கே வென்றது அட்டவணைதான். ஒரு சத்து அறவே இல்லாதபோது மில்லிகிராம் போதும். அது இருந்தும் உடலில் சேராதபோதுதான் மில்லிகிராம் கைவிடுகிறது.

இரும்பு அப்படிப்பட்டது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேருக்கும், தமிழ்நாட்டில் 53 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை. உடலுக்கு இரும்பை விரும்பியபடி வெளியேற்றும் வழி கிடையாது. ஆகவே கட்டுப்பாடு முழுவதையும் நுழையும் இடத்திலேயே, சிறுகுடலின் முதல் பகுதியில் வைத்திருக்கிறது. கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடினால் வாசல் அடைபடும். கிருமித்தொற்றோ நீடித்த அழற்சியோ இருந்தால் அது கூடுகிறது. அப்போது கீரையும் பேரீச்சையும் தின்றாலும் பெரும்பகுதி வெளியே போய்விடும். வாசல் திறந்திருக்கும்போதும் கூட வருகிற பொருள்கள் தடுக்கும். தென் ஆப்பிரிக்காவில் 1975இல் செய்த ஆய்வில், ரொட்டியிலுள்ள இரும்பில் 10 சதவீதம் அளவுக்கு உறிஞ்சப்பட்டது, கூடவே டீ குடித்தபோது 3 சதவீதமாகக் குறைந்தது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் இந்த நஷ்டம் கணிசமாகக் குறையும். சாப்பாட்டோடு கொய்யாவோ, அடுப்பை அணைத்த பின் பிழிந்த எலுமிச்சையோ இருந்தால் அதன் வைட்டமின் சி எதிர்த் திசையில் வேலை செய்யும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கத்தால் எவ்வளவு இரும்பு போகிறது என்று எந்தப் பொட்டலத்திலும் அச்சிட முடியாது.

ரேஷன் கடையில் விநியோகித்த செறிவூட்டிய அரிசியின் விதிமுறையில் மட்டும் இந்த உண்மை எப்படியோ இடம்பிடித்திருக்கிறது. அரிசியின் நிறமும் ருசியும் மாறாத, ஆனால் குடல் அவ்வளவாக ஏற்காத ஃபெரிக் பைரோபாஸ்பேட்டாக இரும்பைச் சேர்த்தால் கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம், எளிதில் ஏறும் சோடியம் இரும்பு ஈடிடிஏ என்றால் 14 முதல் 21.25, அதாவது சரிபாதி. ஒரே உலோகத்துக்கு இரண்டு அளவு வைக்கும்போதே, எண்ணை முடிவுசெய்வது குடல்தான் என்று விதி ஒப்புக்கொள்கிறது. பிறகு திட்டத்தின் வெற்றியை விநியோகித்த டன்களில் மட்டும் சொல்வது எப்படிப் பொருந்தும்? ஒரு வட்டாரத்துப் பெண்களின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினை, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவோடு சேர்த்து, அரிசி வருவதற்கு முன்னும் ஓராண்டுக்குப் பின்னும் பார்த்தால் தெரிந்துவிடும், எவ்வளவு உள்ளே போயிற்று என்று.